டார்மரும் தாய்க்கூரையும்

தொண்ணூறுகளின் கடைசியில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்க வீடுகளுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தோம். மொட்டைமாடி வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு டார்மர் புதிது. சரிந்து இறங்கும் பெரிய கூரையின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஜன்னல். அதன் தலைக்கு ஒரு குட்டிக் கூரை. அந்தக் குட்டிக் கூரை தாய்க்கூரையில் எங்கே போய் முட்டும் என்பதுதான் வேலையே.

ஆட்டோகேட் இருந்தது; ஆனால் நாங்கள் அதில் போட்டதெல்லாம் தட்டையான கோடுகள். முட்டும் இடத்தை நாங்களே கணக்கிட வேண்டும். தாய்க்கூரை 12 அடிக்கு 8 அடி ஏறுகிறது, முகப்பில் டார்மரின் முகடு அதற்கு மேல் 4 அடி உயரத்தில் இருக்கிறது என்றால், 6 அடி பின்னால் ஓடித்தான் முகடு கூரையைத் தொடும். இரண்டுக்கும் ஒரே சரிவானால், அவை கூடும் பள்ளம் பிளானில் 45 டிகிரியில் விழும். சரிவு மாறினால் கோணமும் மாறும். எலிவேஷனிலிருந்து பிளானுக்கும் செக்‌ஷனுக்கும் புள்ளி புள்ளியாகக் கடத்துவோம். மூத்த டிராஃப்ட்ஸ்மேன் ஒருவர், "தண்ணி எங்கப்பா போவுது?" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

இன்று ரெவிட் மென்பொருளில் குட்டிக் கூரையின் பின்விளிம்பைத் தொட்டு, தாய்க்கூரையின் பரப்பைத் தொட்டால் போதும். நீண்டு போய் ஒட்டிக்கொள்கிறது. சரிவை மாற்றினால் பள்ளமும் கூடவே நகர்கிறது. இதில் எனக்கு மகிழ்ச்சிதான். பழைய சிரமம் யாருக்கும் திரும்ப வர வேண்டாம்.

ஆனால் இணைத்ததோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வீடு முடிந்த மாதிரி இருக்கும். உள்ளேயோ தாய்க்கூரை வெட்டுப்படாமல் ஜன்னலை அடைத்துக்கொண்டு படுத்திருக்கும். அதைத் திறக்க 'டார்மர் ஓப்பனிங்' என்று தனிக் கருவி உண்டு. குட்டிக் கூரையையும் பக்கச் சுவர்களின் உட்பரப்புகளையும் எடுத்து எல்லை கட்ட வேண்டும். அதுவும் துளையை மட்டுமே போடும். துளையின் இருபுறமும் கைமரங்களை இரட்டிப்பது, மேலும் கீழும் குறுக்குச் சட்டம் கொடுப்பது, பள்ளத்திலும் பக்கச் சுவரின் அடியிலும் நீர் புகாமல் தகடு மடித்து வைப்பது எல்லாம் வரைபவரின் பொறுப்பு. கையால் கணக்குப் போட்ட காலத்தில் இவை வழியிலேயே எதிர்ப்பட்டன. இப்போது தேடிப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, டார்மரை இணைத்ததும் அதன் நடுவே ஒரு செக்‌ஷன் வெட்டுங்கள், பள்ளத்தின் குறுக்கே இன்னொன்று. அதற்குப் பிறகு ஷீட்டில் ஏற்றுங்கள்.