பரணில் ஒரு விமானப்படை

எங்கள் வீட்டுப் பரணில் 41 விமானங்கள் இருக்கின்றன. எல்லாம் பெட்டிக்குள், கொடியில் காய்த்த அவரைக்காய் மாதிரி பிளாஸ்டிக் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் பாகங்களாக. வருஷத்துக்கு இரண்டு கட்டுகிறேன், நான்கு வாங்குகிறேன். கணக்கு வாத்தியாராக இருந்தவன், இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாதா? மனைவிக்குத் தெரிந்தது 18தான். மீதி, ‘பழைய வருமான வரிக் காகிதங்கள்’ என்று எழுதிய அட்டைப்பெட்டியில்.

அடுத்தது எது என்று முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு ஏறினேன்.

முதலில் கையில் வந்தது லங்காஸ்டர். இரண்டாம் உலகப் போரில் இரவு இரவாக ஜெர்மனி மீது குண்டு போட்டதே, அது. நிஜ விமானத்தின் இறக்கை நீளம் 31 மீட்டர். 72இல் 1 பங்காகச் சுருக்கினாலும் 43 சென்டிமீட்டர். கண்ணாடி அலமாரி இடம் கொடுக்காது. “கொலுப்படியில வச்சுக்கலாமா?” என்று கீழே பார்த்துக் கேட்டேன். “தசாவதாரத்துக்குப் பக்கத்துல குண்டு போடற பிளேனா?” என்று பதில் வந்தது. லங்காஸ்டர் உள்ளே போயிற்று.

டைகர் மாத் பார்க்க அழகுதான். ஆனால் இரட்டை இறக்கை. இரண்டுக்கும் நடுவே கம்பி கட்ட வேண்டும். கம்பிக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பாகங்களை வெட்டியெடுத்த பின் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே பிடித்து மெதுவாக உருட்ட வேண்டும். பளபளத்துத் தொய்யும் அந்தக் கணத்தில் விலக்கி, இரு கையாலும் இழுத்தால் தலைமயிர் கனத்தில் நூலாக வரும். அரை நொடி முந்தினால் முறியும், பிந்தினால் விரல் சுடும். இழுத்துவிடுவேன். இழுத்ததைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கண்ணுக்கு முடியாது.

அடுத்து மிக்-21. 1963இல் நம் விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றது. சக ஓய்வூதியர் என்ற பாசம் எனக்கு உண்டு. சிக்கல் அதன் வெள்ளி நிறம். பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாகப் பூசும் விமானம் நம் தப்பையெல்லாம் மூடி மறைக்கும். வெள்ளிப் பூச்சோ கோள்மூட்டுகிற நாத்தனார். ஒட்டுக்கோட்டில் ஒரு முடிக்கீறல் இருந்தாலும் ஊருக்கே சொல்லிவிடும். தவிர, இது ஐப்பசி. இந்த ஈரக்காற்றில் வார்னிஷ் அடித்தால் பால் படர்ந்த மாதிரி வெளுத்துப்போகும். விமானத்தில் ஒட்டும் சின்னங்கள் அச்சிட்ட, மஞ்சளித்த டெக்கால் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்து வெயிலில் வெளுக்க வைக்கலாம் என்றால் அதற்கும் வெயில் வேண்டும். தை பிறக்கட்டும்.

ஆக, நாட். சண்டை விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போகின்றனவே என்று சலித்துப்போய் பெட்டர் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்த குட்டி விமானம். பெங்களூரிலும் கட்டினார்கள். 1971இல் ஸ்ரீநகருக்கு மேலே தனியாளாக நின்று போரிட்டு உயிர்நீத்த நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டியது இதைத்தான். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்ரா அவருடையது. மாடலாக்கினால் இறக்கை ஒன்பதரை சென்டிமீட்டர்கூட வராது. எந்த அலமாரி மறுக்கும்?

ஒன்றே ஒன்றில் கவனம் வேண்டும். மூக்குச் சக்கரம் வைத்த விமானங்களுக்கு வால்பக்கம் கனம். உடம்பின் இரு பாதியையும் ஒட்டுமுன் மூக்குக்குள் எடை வைக்காவிட்டால், நாய் மாதிரி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதற்கென்றே சைக்கிள் கடையில் நாலு பால்ரஸ் குண்டு வாங்கி சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியே ஏறியிருந்தேன்.

பெட்டியைத் திறந்தேன். உடம்பின் இரு பாதியும் ஏற்கெனவே ஒட்டியிருந்தன. கச்சிதமாக, கோடே தெரியாமல், உப்புத்தாள் தேய்த்து. பக்கத்தில் ஒரு துண்டுச்சீட்டு, என் கையெழுத்தில்: ‘மூக்கில் எடை வைக்க மறந்துவிட்டேன்.’

“ஏங்க, முடிவு பண்ணியாச்சா?”

“நாட்தான்.”

“போன தடவையும் அதானே சொன்னீங்க!”