மிஷினுக்கு வேர்க்குமாம்

எங்கள் கம்பெனியில் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இப்போது ஒரு குழு இருக்கிறது. கிரீன் கமிட்டி என்று பெயர். கூடும் அறைக்கு ஜன்னல் கிடையாது. பட்டப்பகலில் அத்தனை விளக்கும் எரிய, ஏசி 22-ல் ஓட, ஆள் உயரத் திரையில் போன மாதக் கரண்ட் பில் கலர் கலராக வந்து நிற்கும். ஓய்வு பெற்ற பிறகும் என்னை அதற்குக் கூப்பிடுகிறார்கள். பில்லைப் படிக்கத் தெரிந்த பழைய ஆள், மேக்ஸிமம் டிமாண்ட் என்றால் என்ன, பவர் ஃபேக்டர் இறங்கினால் மின்வாரியத்துக்கு ஏன் கோபம் வரும் என்றெல்லாம் சொல்லக்கூடியவன் என்பது காரணம். நான் போவதற்குக் காரணம், பிஸ்கட் நன்றாக இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1984-ல் இந்தக் கமிட்டியின் வேலையை ஒரே ஆள் பார்த்துவந்தார். ஹெட் கிளார்க். கூடத்தின் எந்த மூலையில் ஸ்விட்ச் சத்தம் கேட்டாலும் அவர் தலை நிமிரும். “ஏம்ப்பா, உன் மாமனார் வீட்டுக் கரண்டா?” அன்றைய எரிசக்திக் கொள்கை முழுவதும் இந்த ஒரு வரிதான். கல்யாணமாகாதவர்களையும் அப்படியேதான் கேட்பார்.

ஆபீஸ் தம்புச் செட்டித் தெருவில், மாடியில் ஒரு நீளக் கூடம். மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தது. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். உச்சி வெயில் அந்தக் கூரையையும் சுவரையும் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்குவதற்குள் நாங்கள் பஸ் பிடித்துப் போயிருப்போம். கிழக்குப் பக்கம் துறைமுகம். கோடையில் மத்தியானம் கடற்காற்று எழுந்தால், மரச்சட்டம் போட்ட ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேற்குப் பக்க வெராந்தா வழியாக வெளியேறும். அது வருகிற சத்தம் முதலில் காகிதத்தில்தான் கேட்கும். கண்ணாடி பேப்பர் வெயிட்டுகள் மேசைகளின் எண்ணிக்கையில் பாதிகூடத் தேறாது. காற்று வந்ததும் அதற்கு ஒரு பிடுங்கல் நடக்கும். மாதக் கடைசியில் வவுச்சர் அடுக்கும்போது ஃபேனே கூடாது. ஒரு நம்பர் பறந்துபோனால் பேலன்ஸ் டேலி ஆகாது. ஆக, மின்சாரம் அதிகம் தேவைப்பட்ட நாளில்தான் மிகக் குறைவாகச் செலவழித்தோம்.

அந்தக் கட்டடம் சொர்க்கம் என்று எழுத எனக்கும் ஆசைதான். காலை பதினோரு மணிக்குள் பனியன் நனைந்து முதுகில் ஒட்டிய நினைவு விடமாட்டேன் என்கிறது. கடற்காற்று தாமதமான நாளில் லெட்ஜரில் முழங்கை பட்ட இடமெல்லாம் மை கலங்கியிருக்கும். உள்பக்க வரிசையில் உட்கார்ந்தவர்கள் கண்ணாடி போடாமல் ஓய்வு பெற்றதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெட் கிளார்க்கின் சிக்கனத்தில் பாதி, பௌதிகத்துக்கு ஒத்துவராதது. எல்லா ஃபேனும் இரண்டில்தான் ஓட வேண்டும் என்பது அவர் சட்டம். அந்தக் கால ரெகுலேட்டர் சின்ன டிபன் டப்பா அளவில் சுவரில் இருக்கும். உள்ளே கம்பிச் சுருள். வேகத்தைக் குறைத்தால் ஃபேனுக்குப் போகாத கரண்டில் ஒரு பங்கு அந்தச் சுருளில் சூடாகிவிடும். பெட்டியைத் தொட்டால் சுடும். அவர் மிச்சம் பிடித்ததாக நம்பியதில் ஒரு பகுதி வெப்பமாகி எங்கள் மேலேயே இறங்கியது. டியூப்லைட் 40 வாட் என்றால், சோக் தன் பங்குக்குப் பத்துப் பதினைந்து வாட் தின்னும். சாமான்கள் அத்தனையும் மட்டம். ஆனாலும் பில் மட்டம்தான், ஏனென்றால் சாமான்களே கொஞ்சம். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்ததும் பியூன் அண்ணன் ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக அணைத்துக்கொண்டே வருவார். சோற்றை இருட்டில் சாப்பிட்டால் வாய்க்கு வழி தெரியாமல் போய்விடுமா என்பது ஹெட் கிளார்க்கின் வாதம்.

எண்பதுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் வந்தது. கூடத்தின் ஒரு மூலையைத் தடுத்து, கண்ணாடிக் கதவு வைத்து, கார்ப்பெட் விரித்து, இரண்டு ஜன்னல் ஏசி பொருத்தினார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். முப்பது வருடம் அந்தக் கூடத்தில் வேர்த்து வடிந்த மனிதர் அந்தக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். “மிஷினுக்கு வேர்க்குமாம்” என்றார், யாரிடம் என்றில்லாமல். இரவிலும் ஏசியை நிறுத்தக் கூடாது என்று சொன்னபோது அவர் பதில் பேசவில்லை. அன்றோடு அவருடைய இலாகா பறிபோனது என்று எங்களுக்குப் புரிந்தது.

அதன்பிறகு எல்லாருக்கும் கம்ப்யூட்டர் மீது ஈடுபாடு வந்துவிட்டது. உடம்பெல்லாம் வேர்க்குரு போட்டிருந்த கேஷியர், ஒரு எண்ணைச் சரிபார்க்க உள்ளே போனால் அரை மணி நேரம் சரிபார்ப்பார். வாசலில் எட்டு ஜோடி செருப்பு கிடந்தால் உள்ளே ஒரு பிரிண்ட் அவுட் வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

மனிதனுக்கும் வேர்க்கும் என்று நிர்வாகம் ஒப்புக்கொள்ளப் பல வருடம் ஆயிற்று. ஒப்புக்கொண்டபோது தேவைக்கு மேலேயே ஒப்புக்கொண்டது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்த பிறகு, பழைய மகாபலிபுரம் சாலையில் ஆபீஸ் இல்லாதவன் மனிதனில்லை என்றாயிற்று. நாங்களும் அங்கே நாலு மாடி கட்டிக்கொண்டு போனோம். மனை சாலைக்குக் கிழக்கே. சாலையைப் பார்க்க வேண்டும் என்றால் முகப்பு மேற்கு. முகப்பு என்றால் கண்ணாடி. பின்பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டிக் கடல். ஆனால் அந்தப் பக்கமும் ஒரு ஜன்னல் திறக்காது. காற்று வந்து தட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் அந்த முகப்பின் பின்னால் உட்கார்ந்தால்தான் விஷயம் விளங்கும். வெளிச்சம் வேண்டும் என்று கண்ணாடி. வெயில் வேண்டாம் என்று அதற்குத் திரை. திரை போட்டதால் இருட்டு என்று விளக்கு. விளக்கின் சூட்டையும் சேர்த்து இறக்க இன்னும் கொஞ்சம் ஏசி. நாலுக்கும் தனித்தனி கொட்டேஷன், தனித்தனி பராமரிப்பு ஒப்பந்தம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் 2017-ல் திருத்திய கட்டட விதித்தொகுப்பு, பெரிய வணிகக் கட்டடங்களின் சுவரில் கண்ணாடி பொதுவாக 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. எங்கள் கட்டடம் முன்கூட்டியே எழுந்து தப்பித்துக்கொண்டது.

இந்த வைபவத்துக்கு நடுவில் 2008-ல் மின்வெட்டுக் காலம் வந்து சேர்ந்தது. தம்புச் செட்டித் தெருவாக இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்து வேலை பார்த்திருப்போம். இங்கே கரண்ட் போனால் மூச்சு முட்டும். ஜெனரேட்டரைத் தவிர வேறு வழியில்லை. ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று, நாலு யூனிட் கிடைக்கும். டீசல் கணக்கு என் மேசைக்கு வந்தது. மேலே பார்த்தேன்: வரிசை வரிசையாக 36 வாட் டியூப்லைட். கீழே பார்த்தேன்: மே மாதத்தில் சால்வை போர்த்திக்கொண்டு டேட்டா என்ட்ரி பெண்கள். டீசலை எரித்து, குளிரை உண்டாக்கி, அதற்குச் சால்வை போர்த்துகிற நிர்வாகத் திறமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கடைசியில் எனர்ஜி ஆடிட்டர் ஒருவரை வரவழைத்தார்கள். சின்னப் பையன், கையில் டாங் டெஸ்டரும் லக்ஸ் மீட்டரும். எனக்கு உடனே பிடித்துப்போனது, ஏனென்றால் அவன் எதையும் வாங்கச் சொல்லவில்லை. இரவு ஒன்பது மணிக்குத் தனியாக வந்து சுற்றிப் பார்த்தான். ஆளில்லாத மூன்றாம் மாடியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பேன்ட்ரியில் காபி மெஷின் விடிய விடியக் கொதித்துக்கொண்டிருந்தது. பல இடங்களில் ஏசி காற்று வரும் கிரில்லில் ஏ4 காகிதத்தை செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடத்தில் காற்று அடைபட, பக்கத்து கிரில்லில் இரட்டிப்பாக அடித்தது. அங்கேயும் காகிதம் ஏறியிருந்தது.

இரண்டாம் மாடியில் மட்டும் ஏன் எப்போதும் ஊட்டி என்பது யாருக்கும் பிடிபடாத மர்மம். அவன் சுவரைத் தடவிக்கொண்டே போய் ஒரு இடத்தில் நின்றான். ஏசிக்கு உஷ்ணம் சொல்கிற தெர்மோஸ்டாட், ஜெராக்ஸ் மெஷினின் புகைவாய்க்கு நேர் பின்னால் இருந்தது. “சார், இந்த மெஷின் சூடாகுது, அதை வெச்சு ஹால் முழுக்கச் சூடுன்னு அது நினைச்சுக்குது” என்றான். ஜெராக்ஸை இரண்டு அடி நகர்த்தினோம். சால்வைகள் வீட்டுக்குப் போயின. மறுபடியும் மிஷினுக்கு வேர்த்திருக்கிறது, தண்டனை எங்களுக்கு.

அவன் எழுதிய இன்னொரு யோசனை, ஏசியை 24-க்கு ஏற்றுவது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று மத்திய மின்துறையும் சொல்லிவந்தது. 2020 முதல் நட்சத்திரக் குறியிட்ட அறை ஏசிகள் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. சுற்றறிக்கை அனுப்பினோம். ரிமோட்டுகளைப் பூட்டி வைத்தோம். சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவர் அறை இன்றும் 20-ல் இருக்கிறது. கோட்டு போட்டிருக்கிறார், பாவம்.

எல்.இ.டி. விஷயம் நல்லபடியாகவே தொடங்கியது. அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்ததில் 2014-ல் 300 ரூபாய்க்கு மேல் போன பல்பு இரண்டே வருடத்தில் 40 ரூபாய்க்குக் கீழே இறங்கியிருந்த நேரம். டியூப்லைட்டுகளைக் கழற்றிவிட்டு 18 வாட் பட்டிகளைப் போட்டோம். விளக்குச் செலவு பாதிக்குப் பாதி குறைந்தது. குறைந்ததைப் பார்த்த நிர்வாகம், “இதுதான் கரண்டே இழுக்காதே” என்று ஃபால்ஸ் சீலிங்கின் ஓரமெல்லாம் ஸ்ட்ரிப் லைட் ஓட விட்டது. லிஃப்ட் வாசலில் ஒரு செயற்கைச் செடிச் சுவர், அதற்கு மேல் நான்கு ஃபோகஸ். மொட்டை மாடியில் கம்பெனி பெயர், இரவு முழுக்க. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடும் என்று ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயர் 1865-லேயே புத்தகம் எழுதி வைத்திருக்கிறார். எங்கள் நிர்வாகம் அதைப் படிக்காமலேயே நிரூபித்தது.

என் பங்குக்கு நான் செய்தது ஒன்றே ஒன்று. உயரழுத்த இணைப்பில் நாம் கேட்டு வாங்கிய டிமாண்டில் 90 சதவீதத்துக்காவது மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், அவ்வளவு இழுத்தாலும் இழுக்காவிட்டாலும். குடிபுகுந்த நாளில் கௌரவத்துக்காக வாங்கிய டிமாண்ட் அது. நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. குறைக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். அந்த வருடக் கமிட்டியின் எல்லாச் சாதனைகளையும் விட அதில் மிச்சம் அதிகம். ஆனால் அதைப் படம் எடுத்துப் போட முடியாதே. ஆண்டு மலரில் செடிச் சுவர்தான் வந்தது.

போன மாதக் கூட்டத்தில் ஆலோசகர் ஒருவர் வந்திருந்தார். ஆடிட்டர் பையன் அல்ல, கட்டணம் அதிகமானவர். ஏசியை 27-க்கு ஏற்றிவிட்டு, கூடவே ஃபேன் சுழலவிட்டால் உடம்புக்கு அதே குளிர்ச்சி தெரியும், செலவு வெகுவாகக் குறையும் என்றார். அதில் பொய் இல்லை. இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் பழைய ஃபேன் தின்ற 75 வாட்டில் பாதிகூடத் தின்னாது, ரெகுலேட்டர் பெட்டியும் சுடாது. மொட்டை மாடியில் வெள்ளை ஓடு பதிக்கச் சொன்னார். மேற்கு வெயிலுக்குச் சட்டம் வைத்து மறைக்கச் சொன்னார். “இது புதுக் கான்செப்ட், சார்” என்று என்னைப் பார்த்து அன்போடு விளக்கினார். நான் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டேன்.

உடனே தீர்மானம் நிறைவேறியது. ஃபேன் மாட்டப் போனால் கொக்கி இல்லை. தளத்துக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் ஏசி டக்ட், கேபிள் ட்ரே, தீயணைப்புக் குழாய். தண்ணீர் தெளிப்பானுக்கு இறக்கை இடிக்கும் என்று பாதுகாப்பு அதிகாரி மறுத்துவிட்டார். சரி, பெடஸ்டல் ஃபேன் வாங்கலாம் என்று வாங்கினார்கள். மேசையோரம் இருப்பதெல்லாம் யூ.பி.எஸ். பாயின்ட், அதில் ஃபேன் சொருகக் கூடாது என்று ஐ.டி. பிரிவிலிருந்து மெயில் வந்தது. ரா பவர் பாயின்ட் அந்த மாடியில் பேன்ட்ரியில் மட்டும்தான் இருக்கிறது. மூன்று ஃபேனும் இப்போது அங்கே நிற்கின்றன. காபி மெஷினுக்கு நல்ல காற்று.