சின்னப் பொட்டலம்தான்

மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டம் ஆனதே, அதனால் ஊர் கொஞ்சமாவது உருப்பட்டதா என்று எழுதத்தான் இன்று காலை உட்கார்ந்தேன். முதல் வரி எழுதுவதற்குள் அடுத்த தெரு பெரியம்மா மஞ்சள் பையோடு வந்துவிட்டார்.

“ஒண்ணுமில்ல தம்பி, சின்னப் பொட்டலம்தான். நீயும் அமெரிக்கா, அவனும் அமெரிக்கா.”

நான் இருப்பது நியூஜெர்சி. அவர் பையன் டல்லாஸ். நடுவே சென்னைக்கும் டெல்லிக்கும் உள்ளதைவிட அதிக தூரம். சொன்னேன். “அவசரமே இல்லப்பா, அந்தப் பக்கம் போறப்ப குடு, போதும்” என்றார்.

பொட்டலத்தின் மேலே பழுப்பு டேப். அதன் கீழே ஜவுளிக்கடைப் பை, அதற்குள் நாளிதழ், அதற்குள் இன்னொரு பை, அதற்கு ரப்பர் பேண்டு. தூக்கிப் பார்த்தேன். அம்மிக்குழவி கனம். “உள்ள என்ன பெரியம்மா?” “பருப்புப்பொடிதான்.” விடுவேனா? விமான நிலையத்தில், பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா, வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்கும்போது விழிக்கப்போவது நான்தானே. பிரிக்கச் சொன்னேன். முகம் சுருங்கியது, ஆனாலும் பிரித்தார்.

பருப்புப்பொடி இருந்தது, வாஸ்தவம். அதன் அடியில் வடாம், நார்த்தங்காய், இரண்டு கொப்பரை. கொப்பரையில் எண்ணெய் அதிகம், தானாகவே சூடேறும் என்று விமானக்காரர்கள் அதை அபாயகரமான சரக்குகளோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். “தேங்காயா தீப்பிடிக்கும்?” என்று பெரியம்மா என்னைப் பார்த்த பார்வை! அந்தச் சட்டத்தை நானே உட்கார்ந்து எழுதிய மாதிரி.

அடுத்து, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். ஃபுளோரிடாவில் 2005இல் அந்த நோய் தலைகாட்டியதிலிருந்து தோட்டம் தோட்டமாகப் போயிற்று. அதனால் பச்சைக் கறிவேப்பிலை அமெரிக்காவுக்குள் நுழையக் கூடாது. விளக்கினேன்.

“நம்ம கொல்லையில பறிச்சது தம்பி. மருந்தே அடிக்கல!”

மருந்து அடிக்காததுதான் வம்பே என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பெட்டிக்கு 23 கிலோதான். பெரியம்மாவின் பொடி உள்ளே போக, என் அம்மா எனக்கென்று அரைத்த மிளகாய்ப்பொடி வெளியே வந்தது. அம்மாவுக்கு அதில் வருத்தமில்லை. “பாவம், அந்தப் பையன் அங்க தனியா இருக்கான்” என்கிறார். நான் அங்கே கூட்டத்தோடு கும்மாளம் போடுகிறேனாக்கும்! டல்லாஸில் இந்தியக் கடைகளுக்குப் பஞ்சமே இல்லை, பருப்புப்பொடி பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும். சொல்லிப் பாருங்கள், தெருவே உங்களைக் கல்நெஞ்சுக்காரன் என்று முடிவுகட்டிவிடும்.

நியூஜெர்சியிலிருந்து யார் சென்னைக்குக் கிளம்பினாலும், “சின்ன டப்பாதான்” என்று வைட்டமின் மாத்திரையோடு அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பவன் நான் என்பது உண்மை. மாத்திரைக்குக் கனம் கிடையாது, அது வேறு.

கோபம் பெரியம்மா மேல்கூட இல்லை, இந்தப் பையன்கள் மேல்தான். பொட்டலம் வந்திருக்கிறது என்று போன் செய்தால், “அப்படியா அங்கிள், பாக்கறேன் அங்கிள்” என்பார்கள். அப்புறம் ஆளையே காணோம். கூரியரில் அனுப்பலாமென்றால் பொடியின் விலையைப்போலப் பல மடங்கு கேட்கிறான்.

டல்லாஸ் தம்பி, உன் பொடி என்னோடு வருகிறது. ஒரு மாதம் பார்ப்பேன். அதற்குள் நீ வரவில்லையென்றால், சோறும் நெய்யும் என் வீட்டிலேயே இருக்கின்றன.