துரை 'கைண்ட்லி' சொன்னா ஓடணும்

வாடா பேரா, இப்படி உக்காரு. அந்தத் தாளைக் குடு. குரூஷியல், வைட்டல், எசென்ஷியல், இம்பரேட்டிவ், பாரமவுண்ட், இன்டிஸ்பென்ஸபிள்... அடேயப்பா! முக்கியம்னு சொல்ல வெள்ளைக்காரன் இத்தனை பேரு வச்சிருக்கானா? நம்ம தோட்டத்து மாரியம்மனுக்கே இத்தனை பேரு கிடையாது. நீயும் ஒண்ணை விடாம ஒரே கட்டுரையில எறக்கிட்டே. கல்வி குரூஷியல், காடு வைட்டல், காலையில ஓடுறது இம்பரேட்டிவ். சரி ராசா, முக்கியம் இல்லாதது ஏதாச்சும் உண்டா உன் ஊர்ல?

சிரிக்காதே. தாத்தா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோட நின்னவன், இவருக்கு என்ன இங்கிலீஷ் தெரியும்னுதானே பாக்குறே? பகாவ் பக்கத்துக் காட்டுல பால் வெட்டினவன்டா நான். நீ இங்கிலீஷைப் புத்தகத்துல படிச்சே, நான் காலையில பேர் கூப்பிடுற பெரட்டுல நின்னு கேட்டேன். எந்தச் சொல்லு யார் வாயிலேருந்து யார் தலையில விழுதுன்னு பெரட்டுல நின்னவனுக்குத்தான் தெரியும்.

கேளு. மேல இருக்கிற கம்பெனி துரைக்குக் கடுதாசி போட்டா, 'இப்படிச் செஞ்சீங்கன்னா மகிழ்ச்சி'ன்னு எழுதும். துரை பெரிய கிராணிகிட்ட 'கைண்ட்லி'ம்பாரு. கிராணி, வேலை வாங்குற தண்டல்கிட்ட வந்ததும் 'மஸ்ட்'டுன்னு உறுமுவாரு. தண்டல் எங்ககிட்ட வரும்போது இங்கிலீஷே தீர்ந்து போயிரும், எங்க அம்மா அப்பா பேரைத்தான் இழுப்பாரு. வேலை என்னவோ ஒரே வேலை. அதனால எவனாவது உன்கிட்ட ரொம்ப மரியாதையா 'இஃப் பாசிபிள்'னு சொன்னா, அவனுக்கு மேல எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணாதே, கீழ எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணிப் பாரு. துரை 'கைண்ட்லி'ன்னா அன்னிக்கு ஓட்டமா ஓடணும். கிராணி 'மஸ்ட்'டுன்னா, வெத்தலை போட்டுட்டுப் போகலாம்.

'மஸ்ட்'டுக்கும் 'ஹேவ் டு'வுக்கும் வித்தியாசம் உன் டீச்சர் சொல்லிக் குடுத்தாங்களா? 'மஸ்ட்'டுன்னா சொல்றவனே நெனைக்கிறான். 'ஹேவ் டு'ன்னா வேற எவனோ போட்ட சட்டம். கெட்டிக்கார மேனேஜர் 'மஸ்ட்' பக்கமே போகமாட்டான். 'நாம எல்லாரும் ஹேவ் டு'ம்பான். யார்மேல கோவப்படுறதுன்னு தெரியாம நீ வீட்டுக்கு வந்து பெண்டாட்டிமேல காட்டுவே. உனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, அதனால இப்போதைக்கு ஆத்தாமேல காட்டுறே.

'நாட்' சேர்த்தா இன்னும் வேடிக்கை. போன திருவிழாவுக்கு உன் அத்தைக்கு இங்கிலீஷ்ல மெசேஜ் விட்டியே, 'யூ மஸ்ட் நாட் கம் ஏர்லி'ன்னு. சீக்கிரம் வர வேண்டியதில்லைன்னு சொல்ல வந்தே, வந்துடாதேன்னு போய்ச் சேர்ந்துச்சு. 'மஸ்ட்'ல 'நாட்' போட்டா தடை, 'ஹேவ் டு'வுல போட்டா விடுதலை. அத்தை இன்னும் மூஞ்சி குடுத்துப் பேசல. பரிட்சையில ஒரு மார்க்தான் போகும், சொந்தத்துல ஒரு தீபாவளியே போயிரும்.

நீ சீண்டாம விட்ட ஒரு சின்ன சொல்லு இருக்கு, 'மே'. செய்யலாம், செய்யாமலும் இருக்கலாம்னு ஈரத்துணி மாதிரி கிடக்கும். நம்ம நாட்டுல 1961-ல வந்த கல்விச் சட்டத்துல 21(2)-ன்னு ஒரு பிரிவு. ஒரு தமிழ்ப் பள்ளியையோ சீனப் பள்ளியையோ தேசியப் பள்ளியா மாத்தலாம்னு அமைச்சருக்குத் தோணினா, அவர் மாத்த 'மே'. அவ்வளவுதான், 'மஸ்ட்'டு இல்ல. அந்த ஒரு 'மே'வுக்குப் பயந்து சீனனும் தமிழனும் 1996-ல புதுச் சட்டம் வந்து அந்தப் பிரிவு போறவரைக்கும் கெடந்தானுங்க. பயம் ஏன்னா, அதைச் சொன்னது அதிகாரம் உள்ள வாய்.

'மஸ்ட்'டோட பவிசையும் சொல்றேன். எஸ்பிஎம் பரிட்சையில சரித்திரம் பாஸ் பண்ணியே ஆகணும்னு 2013-ல கொண்டாந்தாங்க, கொண்டாந்தது நிலைச்சு நின்னுச்சு. இங்கிலீஷும் 2016-லேருந்து கட்டாயப் பாஸ்னு சொன்னாங்க. அப்புறம் 2015-லயே, வாத்தியார் பத்தல, பிள்ளைங்க தயாரா இல்லைன்னு ஒத்தி வச்சிட்டாங்க. கட்டாயத்தையே ஒத்திவச்ச ஊருடா இது! கணக்கையும் அறிவியலையும் இங்கிலீஷ்ல நடத்தியே தீரணும்னு 2003-ல ஆரம்பிச்சாங்க, நம்ம தமிழ்ப் பள்ளியிலயும் நடந்துச்சு. 2009-ல அதை எடுத்துடறோம்னாங்க. நடுவுல படிச்ச பிள்ளைங்க எந்த மொழியில பெருக்குதுன்னு அந்தப் பிள்ளைங்களையே கேளு.

நடந்த 'மஸ்ட்'டும் ஒண்ணு உண்டு. வெள்ளைக்காரன் 1923-ல ஒரு தொழிலாளர் சட்டம் போட்டான். பள்ளிக்கூட வயசுல பத்துப் பிள்ளைங்க இருந்தா தோட்டத்துல பள்ளிக்கூடம் வச்சாகணும். வச்சாங்களே! ஒரு கொட்டகை, நாலு பலகை. எழுதப் படிக்கத் தெரிஞ்ச கண்காணியோ கிராணியோ வாத்தியாரு. சட்டம் சொன்னது நடந்துச்சு, படிப்புதான் மெதுவா நடந்து வந்துச்சு. அந்தக் கொட்டகையில வந்த பரம்பரைதான் நீ இன்னிக்கு 'பாரமவுண்ட்'னு எழுதுறே. அதுல எனக்குக் கொஞ்சம் பெருமைதான், வெளியே சொல்லாதே.

இன்னொண்ணு, 'அர்ஜென்ட்'. தந்தி இருந்த காலத்துல சொல்லுக்கு இவ்வளவு காசுன்னு எண்ணி வாங்குவான். அர்ஜென்ட்டா போகணும்னா ரெட்டிப்பு. அதனால 'மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி'ன்னு நாலே சொல்லுல ஊரே எழுந்து நிக்கும். ஊருக்குப் போக லீவு வேணும்னா, நல்லா இருக்கிற தாயாரை நாலு தடவை சீரியஸ் ஆக்கினவனும் உண்டு, அது வேற கதை. இப்போ உன் கைப்பேசியில சொல்லுக்குக் காசு கிடையாது, வாட்ஸாப்ல தக்காளி வாங்கி வரச் சொல்றதுகூட அர்ஜென்ட். உண்மையில அவசரப்பட்டவன் யாருன்னா செம்பனை ஏத்துற லாரிக்காரன். வெட்டின குலை ஒரு நாளைக்குள்ள ஆலைக்குப் போகலைன்னா எண்ணெயில புளிப்பு ஏறும், விலை இறங்கும். அவன் லாரியில எங்கயும் 'அர்ஜென்ட்'னு எழுதி வைக்கல.

பெரிய காரியமும் அப்படித்தான். 1981 செப்டம்பர் 7 காலையில, லண்டன் பங்குச் சந்தை திறந்து சில மணி நேரத்துல, வெள்ளைக்காரனோட குத்ரி தோட்டக் கம்பெனி நம்ம நாட்டுக் கைக்கு வந்திருச்சு. இந்த நெகிரி செம்பிலான்லயும் அதுக்கு எவ்வளவு காடு! அன்னிக்கு யாராவது முன்கூட்டி 'வெரி இம்பார்ட்டண்ட்'னு கடுதாசி போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? வெள்ளைக்காரன் ஷேர் விலையை ஏத்திட்டு உக்காந்திருப்பான். பெரிய காரியம் வாயைத் திறக்காமத்தான் நடந்துச்சு.

அதுக்காக உன் கட்டுரைக்கு வாயை மூடச் சொல்லல. திருத்துற வாத்தியாருக்கு ரெண்டு பெரிய சொல்லு பிடிக்கும், ரெண்டு போடு, மூணாவது வேண்டாம். 'வெரி எசென்ஷியல்'னு மட்டும் எழுதாதே, இல்லாம ஆகாதுன்னு ஆனப்புறம் 'வெரி' எதுக்கு? நகராண்மைக்குக் கடிதம் எழுதச் சொல்லிக் கேள்வி வந்தா, 'இட் இஸ் இம்பரேட்டிவ்'னு குதிக்காதே. பாலம் உடைஞ்சிருக்கு, பள்ளிக்கூட வேன் அந்தப் பக்கம் வரல, பிள்ளைங்க காலணியைக் கையில எடுத்துக்கிட்டு ஆத்துல நடக்குதுன்னு எழுது. அப்புறம் எந்தத் தேதிக்குள்ள ஆள் அனுப்புவீங்கன்னு கேளு. கடன் கட்டச் சொல்லி வர்ற பேங்க் கடுதாசியைப் பாத்திருக்கியா? அதுல அலங்காரமே இருக்காது. ஒரு தொகை, ஒரு தேதி. படிச்சதும் உங்க அப்பனுக்கு வேர்க்கும் பாரு.

தேதின்னதும் ஞாபகம் வருது. முயெட் இங்கிலீஷ் பரிட்சையில பேண்ட் பத்தலைன்னு மறுபடி எழுதப்போறேன்னு சொன்னியே. இந்தத் தாள்ல இருக்கிற அத்தனை முக்கியத்தையும் மனப்பாடம் பண்ணிட்டே, நல்லது. பதிவு பண்ணிப் பணம் கட்டிட்டியா? நேத்து உன் தங்கச்சி கைப்பேசியில காட்டினா, வெள்ளிக்கிழமையோட மூடுறாங்களாம். இன்னிக்கு என்ன கிழமை?