ஏ.சி. அறைக்குள் வராத குரங்கு

2001 மே மாதம் டெல்லியில் 'குரங்கு மனிதன்' இறங்கினான். உயரம் நாலடி என்றார் ஒருவர். எட்டடி என்றார் அடுத்தவர். தலையில் ஹெல்மெட், விரலில் இரும்பு நகம், கண்ணில் சிவப்பு வெளிச்சம். போலீஸ் படம் வரைந்து வெளியிட்டது. துப்புக் கொடுத்தால் 50,000 ரூபாய் என்றும் அறிவித்தது. நாலடிக்காரனைப் பிடிப்பதா, எட்டடிக்காரனையா என்பதுதான் புரியவில்லை.

குரங்காருக்கு வர்க்க உணர்வு ஜாஸ்தி. காஜியாபாத், கிழக்கு டெல்லி என்று, கரண்ட் போனதும் ஜனங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிற பேட்டைகளாகப் பார்த்துத்தான் பெரும்பாலும் பாய்ந்தார். ஜெனரேட்டர் உறுமும் பங்களாப் பக்கம் அவருக்கு என்ன வேலை? பிழைக்க வந்த ஊர், பக்கத்தில் படுத்திருப்பவன் யாரென்று தெரியாது, புழுக்கம், அரைத்தூக்கம், எவனாவது "வந்துட்டான்!" என்று கத்தினால் போதும். மாடியிலிருந்து குதித்துச் செத்தவர்களும் உண்டு. குள்ளமாகப் பிறந்த பாவத்துக்கு ஒரு சாமியார் தர்ம அடி வாங்கினார்.

நிபுணர்கள் விசாரித்து, கூட்டுப் பீதி என்று அறிக்கை கொடுத்தார்கள். மின்வெட்டுக்கு யாரும் படம் வரையவில்லை. பரிசுப் பணம் கஜானாவிலேயே பத்திரமாக இருந்தது. 2009-ல் 'டெல்லி-6' என்ற இந்திப் படம்தான் குரங்காரை வைத்து நாலு காசு பார்க்க முயன்றது.