வீட்டுக்குள் ஒரு மின்சார சபை

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் போய் மாட்டிக்கொண்டது. நாடு முழுவதும் கரண்ட் போனது. இது ஊர்வம்பு அல்ல. மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடியே அறிவித்த காரணம். குரங்கு உலகச் செய்தியானது. அங்கிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீற்றர் வடக்கே, புத்தளத்தில் ஒரு மெத்ஸ் ஸேரின் வீட்டு ஹோலில் கறுப்புப் பெட்டியொன்று ‘டிக்’ என்று அடங்கியதை மட்டும் எந்தப் பத்திரிகையும் போடவில்லை.

பெட்டி, டோஹாவில் வேலைபார்க்கும் மூத்த மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. நாஸ் என்று பெயர். உள்ளே இரண்டு ஹாட் டிஸ்க். பின்னால் ரவுட்டருக்குப் போகும் ஒரு வயர். படம், பாட்டு, கலியாண வீடியோ எல்லாவற்றையும் அதில் ஏற்றிவிட்டால் வீட்டிலுள்ள டிவி, ஃபோன், டெப் எதிலும் பார்க்கலாம். “வாப்பா, இனி யாருக்கும் மாசக் காசு கட்டத் தேவையில்ல. எல்லாம் நம்மட வீட்டுக்குள்ளயே” என்று மகன் சொன்னார். சுயாட்சி கிடைத்த சந்தோஷம் ஸேருக்கு. அந்தச் சுயாட்சி பாணந்துறைக் குரங்கின் கையில் இருந்தது பிறகுதான் தெரிந்தது.

புத்தளத்தாருக்கு இதில் தனி வயிற்றெரிச்சல் உண்டு. களப்புக்கு அந்தப் பக்கம் நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம். கொஞ்சம் தள்ளி மாம்புரியில் காற்றாலைகள். நாட்டுக்கே கரண்ட் கொடுக்கும் மாவட்டம்! ஆனால் தேசிய மின்கட்டமைப்பு விழுந்தால் நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் கூடவே நின்றுவிடும். நின்றதைத் திரும்ப ஓடவைக்க நாட்கணக்காகும். குரங்கு கைவைத்தது ஒரு நாள். அதனால் பெப்ரவரி 10, 11 ஆகிய இரண்டு நாளும் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு. ஸேர் யூபிஎஸ் ஒன்று வாங்கிப் பெட்டியோடு யூஎஸ்பி வயரில் இணைத்தார். கரண்ட் போனதும் அது பெட்டிக்குச் செய்தி சொல்ல, பெட்டி கணக்கு வழக்கை முடித்துக்கொண்டு ஒழுங்காகப் படுத்துவிடும். 2022 மார்ச் 31இல் போல பதின்மூன்று மணித்தியாலம் வெட்டினால் என்ன செய்வது என்று ஸேரின் உம்மா கேட்டதற்கு, “படுத்தது எழும்பாது, அவ்வளவுதான்” என்றார்.

முதல் சண்டை கணக்கில் வந்தது. பெட்டியின் மேல் 4 டெராபைட் என்று எழுதியிருந்தது, கம்பியூட்டரில் 3.63 என்று காட்டியது. ஒன்பது வீதம் காணாமல் போனால் மெத்ஸ் ஸேர் சும்மா இருப்பாரா? டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது, இரண்டு பேரும் சரிதான் என்று மகன் ஃபோனில் விளக்கினார். விடை சரிதான். ஆனால் பரீட்சைத் தாளில் இப்படி எழுதினால் புள்ளி போடமாட்டேன் என்று ஸேர் சொல்லிவிட்டார்.

அடுத்தது உப்புக்காற்று. பாலாவிப் பக்கம் உப்பளங்கள், மூன்று பக்கமும் தண்ணீர்வாடை. இந்த ஊரில் துணி காயப்போடும் கிளிப்பின் கம்பிகூட ஒரு மழைக்காலம் தாண்டாது. ஹீலியம் அடைத்து மூடிய பெரிய டிஸ்க்குகளை விட்டால், சாதாரண ஹாட் டிஸ்க் ஒவ்வொன்றிலும் மூச்சுவிட ஒரு நுண்துளை இருக்கும், உள்ளே வடிகட்டியோடு. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஸேர் கடல் பக்க ஜன்னலைத் திறக்க விடுவதில்லை. வெந்து புழுங்கியது குடும்பம். பெட்டிக்கு மட்டும் ஒரு மின்விசிறி.

பழைய விஎச்எஸ் கசெட்டுகளை ஏற்றுவது தனி வேலை. மூன்று மணித்தியாலக் கசெட்டென்றால் மூன்று மணித்தியாலமும் ஓடித்தான் உள்ளே போகும், அவசரப்படுத்த வழியில்லை. தொண்ணூறுகளின் கலியாண வீடியோக்களில் பாதி நேரம் பிரியாணி சஹனைச் சுற்றிக் கெமரா வலம் வருவதால், பார்க்கிறவர்களுக்குப் பசி எடுத்ததைத் தவிர வேறு சேதமில்லை.

படங்களை ஒழுங்குபடுத்த ஜெலிஃபின் என்ற இலவச மென்பொருள். எம்பி என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசெம்பரில், வளவைப் பிரித்துக்கொண்டு வேலிக்கு அப்பால் குடிபோன தம்பி மாதிரிக் கிளம்பியது அது. கோப்பின் பெயரைப் பார்த்து, தன்னார்வலர்கள் சேர்த்துவைத்த திரைப்படத் தரவுத்தளத்தில் தேடி, போஸ்டரையும் நடிகர் பட்டியலையும் தானே கொண்டுவந்து ஒட்டும். ஸேரிடம் இருந்த டிவிடிகளில் ரஜினி படங்கள் அதிகம். ‘பொல்லாதவன்’ ஏற்றினார், தனுஷ் வந்து நின்றார். ‘தங்க மகன்’ ஏற்றினார், தனுஷ். ‘படிக்காதவன்’, ‘மாப்பிள்ளை’, எதைத் தொட்டாலும் தனுஷ். வைரஸ் பிடித்துவிட்டதென்று ஸேர் பெட்டியை நிற்பாட்டப் பார்த்தார்.

மெஷின் மேல் பிழையில்லை. 1980, 1983, 1985, 1989 ஆகிய ஆண்டுகளில் மாமனார் ரஜினி நடித்த நான்கு படங்களின் பெயர்களையும் 2007, 2015, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் அன்றைய மருமகன் தனுஷ் தன் படங்களுக்கு வைத்திருந்தார். சீதனம் வாங்கினால் இப்படி வாங்கவேண்டும். கோப்பின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் ஆண்டையும் போட்டால் பிரச்சினை தீரும். ஒவ்வொன்றாக உட்கார்ந்து போட்டார். ‘விக்ரம்’ மட்டும் ஆறுதல் தந்தது: 1986ஆ 2022ஆ என்று மெஷின் குழம்பினாலும் வந்து நிற்பவர் கமல்தான்.

பாமினி விவகாரம் இதைவிட மோசம். யுனிகோட் பரவுவதற்கு முன் இலங்கையில் தமிழ் டைப் அடித்தவர்கள் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவர்கள்தான். எழுத்துரு இல்லாத இடத்தில் அது வெறும் ஆங்கில எழுத்தாய்க் கொட்டும்: ‘அம்மா’ என்று அடித்தது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்று நிற்கும். ஸேர் முன்பு ஸ்கூல் கம்பியூட்டரில் சேர்த்துவைத்த பாட்டுப் பட்டியல் முழுவதும் இப்படி. அரைப்புள்ளியைக் கவனிக்காத பக்கத்து வீட்டு மச்சான், எல்லாம் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாட்டு என்று நினைத்து, ஸேரின் பழமை ரசனையை ஊரெல்லாம் புகழ்ந்தார்.

இரண்டு டிஸ்க் எதற்கு என்றால், ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றது தாங்கும். ரெயிட் என்ற இந்த ஏற்பாட்டை விவரித்து பேர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் மூவரும் 1988இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பேரப்பிள்ளைகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை. மகளின் நாலு வயதுப் பையன் டெப்பை நோண்டி தன் மாமாவின் கலியாண வீடியோவை அழித்தபோது, முதல் டிஸ்க் உடனே கீழ்ப்படிந்தது. இரண்டாவது டிஸ்க்கும் அதே நொடியில் கீழ்ப்படிந்தது. செத்துப்போவதற்குத்தான் இரண்டாவது டிஸ்க் காவல், அழிப்பதற்கு அல்ல. நல்லகாலம், பெட்டியின் குப்பைத்தொட்டி வசதியை மகன் முன்பே திறந்துவைத்திருந்தார். அதன்பின் மூன்றாவது பிரதியொன்று தனி டிஸ்க்கில் ஏறி, விமானத்தில் டோஹாவுக்குக் குடிபெயர்ந்தது.

டேட்டா போகுமா என்ற கேள்விக்கு ஸேர் எத்தனை விளக்கம் சொல்லியும் பலனில்லை. வீட்டுப் பெட்டியிலிருந்து வீட்டு டிவிக்குப் போகும் படம் ரவுட்டரோடு திரும்பிவிடும், தெருவுக்கு இறங்காது, இன்டர்நெட் கட்டானாலும் ஓடும். உம்மா நம்பவில்லை. வைஃபையில் ஓடுகிறது, வைஃபைக்குக் காசு கட்டுகிறோம், ஆகவே டேட்டா போகிறது. தர்க்கம் என்ற வகையில் இதைவிட மோசமானவற்றுக்கு ஸேர் வகுப்பில் புள்ளி போட்டிருக்கிறார்.

ஆனால் டோஹாவிலிருந்து பார்ப்பதென்றால் தெருவுக்கு இறங்கித்தான் ஆகவேண்டும். இன்டர்நெட்டின் பழைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடி. நமது ஆசிய பசிபிக் பிராந்தியத்தின் தாராளக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே தீர்ந்துவிட்டது. அதனால் சிம் போட்ட ரவுட்டர் வைத்திருக்கும் வீடுகள் ஏராளமானவை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. வெளியிலிருந்து கதவைத் தட்டினால் எந்த வீடு திறப்பது? கடைசியில் இரண்டு முனையும் தாமாக வெளியே வந்து சந்தித்துக்கொள்ளும் டெயில்ஸ்கேல் என்ற ஏற்பாட்டைப் போட்டு, மகன் அங்கிருந்தபடி தங்கச்சியின் கலியாண வீடியோவைப் பார்த்தார். அதிலும் பிரியாணிதான் அதிகம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்ற நேரத்தில் கரண்ட் பில் வந்தது. இருபது வாட் பெட்டி இருபத்துநான்கு மணித்தியாலமும் ஓடினால் மாதம் 14 அலகுக்கு மேல். தொகை சின்னதுதான். ஆனால் நம் நாட்டுப் பில் படிப்படியாக ஏறுவது. 90 அலகுக்குள் அடக்கமாக இருந்த வீடு ஒரு படி தாண்டினால் அலகின் விலையும் ஏறும், நிலையான கட்டணமும் ஏறும். “இஞ்ச பாருங்க, மாசக் காசு கட்டத் தேவையில்லண்டு சொன்னது யாரு?” என்று ஸேரின் மனைவி பில்லை நீட்டினார்.

அன்றிரவே ஸேர் ஒரு அட்டவணை அடித்து ஃபிரிட்ஜில் ஒட்டினார். 2022இல் மின்சார சபை வெளியிட்ட அதே பாணி: வலயம் ஏ, வலயம் பி, பராமரிப்பு நேரம், அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். பெட்டி பின்னேரம் ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மட்டும். டோஹாவின் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதால் அங்கே இரவு ஏழரைக்கே மின்வெட்டு. மகன் வேலை முடிந்து அறைக்கு வருவது எட்டு மணிக்கு. ஒரு மணித்தியாலம் நீட்டித் தரும்படி வட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக ஸேர் பதில் போட்டிருக்கிறார்.