நரிக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்?

என்ன மாப்ளே, துப்பாக்கி லைசென்ஸ் கைக்கு வந்த சூட்டோட நரியைக் கூப்பிட ரிமோட் வச்ச ஸ்பீக்கரும் வாங்கிட்டியாமே! நூத்துக்கணக்குல சத்தம் இருக்குன்னு உங்கம்மா போன்ல பெருமையாச் சொன்னா. நரித் தலைத்தோலுக்குப் பத்து டாலர்னு இந்த ஆஸ்திரேலியாவுல விக்டோரியா அரசாங்கம் 2011-ல கொடுக்க ஆரம்பிச்சுது. ஸ்பீக்கர் காசை எடுக்க எத்தனை நரி விழணும்னு கணக்குப் போட்டியா? போடாதே, ராத்திரி தூக்கம் வராது.

சனிக்கிழமை நீ வச்ச கச்சேரியை மகன் வீட்டு வராந்தாவுல உக்காந்து நானும் கேட்டேன். முயல் கத்துச்சு, கோழி கத்துச்சு, ஆட்டுக்குட்டி கத்துச்சு, நடுவுல பொட்டநரி வேற. ஒரே மரத்தடியில கால் மணி நேரத்துல இத்தனை சீவனும் சாகுதுன்னா நரி என்ன நினைக்கும்? ஏதோ கொள்ளைநோய், நமக்கெதுக்கு வம்புன்னு அடுத்த பண்ணைக்குப் போயிருக்கும்.

முயல் ஒண்ணு போதும்யா உனக்கு. 1859-ல தாமஸ் ஆஸ்டின்னு ஒரு துரை இங்கிலாந்துலேர்ந்து 24 முயலை வரவழைச்சு, இந்த வின்செல்சி பக்கம் பார்வன் பார்க்குல வேட்டைக்குன்னு விட்டாரு. குதிரையேறித் துரத்தி விளையாட நரியையும் அதே துரைமாருங்கதான் கப்பல்ல கொண்டாந்தாங்க. முயலும் வந்தேறி, நரியும் வந்தேறி, கூப்பிடப் போற நீயோ நேத்து வந்தவன். ஆனா பசிக்குப் பழைய கணக்கு மறக்காது. அடிபட்ட முயல் வீல்னு கத்துனா இங்க உள்ள நரிக்குக் காது நிமிரும்.

பக்கத்துப் பண்ணை வெள்ளைக்காரக் கிழவர் சட்டைப்பையில ஒரு தகரம் வச்சிருக்காரு. ரெண்டா மடிச்ச துண்டுத் தகரம், நடுவுல ஒரு ஓட்டை, அவ்வளவுதான். உதட்டுக்கும் பல்லுக்கும் நடுவுல வச்சு ஊதுறாரு. இருபது முப்பது வினாடி கத்தல், அப்புறம் ஒரு நிமிஷம் மூச்சு காட்ட மாட்டாரு. சாகப்போற முயல் இடைவிடாமலா பாடும்? முதல் ஊதலை மெதுவாத்தான் ஊதுவாரு. நரி அடுத்த புதர்லயே படுத்திருக்கலாம். எடுத்த எடுப்புல அலறவிட்டா அதுவும் அலறி ஓடிரும். கிட்ட வந்துட்டா தகரத்தைத் துப்பிட்டுப் புறங்கையை உதட்டுல வச்சுச் சின்னதா உறிஞ்சுவாரு, எலி கீச்சுடுற மாதிரி. அந்தச் சின்னச் சத்தம் போதும், நரிக்கு அப்படி ஒரு காது. உன் ஸ்பீக்கர்ல சத்தத்தைக் குறைக்கிற பொத்தானும் இருக்கும், தேடிப் பாரு.

மாசம் பார்த்துச் சத்தம் போடு. நம்ம ஊர்ல ஆடி மாசம் புதுப் பொண்ணு மாப்பிள்ளையைப் பிரிச்சு வைப்பாங்க. இங்க நரிக்கு அப்பத்தான் கல்யாண சீசன். ஜூன், ஜூலை, ஆகஸ்ட்ல பொட்டநரி சத்தம் போட்டா கடுவன் வருவான். கிறிஸ்துமஸுக்கு அதைப் போட்டு என்ன பிரயோசனம்? ஆடு குட்டி போடுற நாள்ல ஆட்டுக்குட்டி சத்தமும் வேண்டாம். வயக்காடு முழுக்க நிசமான குட்டிங்க கத்தும்போது உன் டப்பாவை எந்த நரி மதிக்கும்? தாயாடுதான் ஓடி வந்து உன் மடியை மோந்து பார்க்கும்.

மார்ச்ல ரெண்டு நரி சுட்டேன்னு போட்டோ அனுப்பினியே, அதுக்கு நான் கைதட்டலைன்னு உனக்கு வருத்தமாம். அதுங்க தாயை விட்டுப் பிரிஞ்சு புது இடம் தேடித் திரியுற இளவட்டம் மாப்ளே. அந்த மாசம் நீ தும்மியிருந்தாலும் வந்திருக்கும்.

நரிக்குட்டி அழுற சத்தத்தை மட்டும் வசந்தத்துல போடாதே. தாய் வரும், சுடவும் செய்வே. வளைக்குள்ள நாலு குட்டி பட்டினியில சாகும். ஆட்டுக்குட்டியைப் பறிகொடுத்த வெள்ளைக்காரர் இதைக் கேட்டா என்னைத் திட்டுவாரு, திட்டட்டும்.

ஊளையிட்டுப் பார்க்கலாமான்னு கேட்டியாம்! நம்ம ஊர் நரி கூட்டமா ஊளையிடுற சாதி. இந்தச் செந்நரிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஊருக்குப் போறப்போ அங்க கூப்பிட்டு வித்தை காட்டிராதே, 1972 வனவிலங்குச் சட்டத்துல உள்ள போயிருவே.

நரி நேரா வராது, காத்து வாக்குல சுத்திவந்து மோப்பம் பிடிக்கும். அதனால காத்து உன் மூஞ்சியில அடிக்கணும், முதுகுப் பக்கமும் ஒரு கண்ணு இருக்கணும். ஸ்பீக்கரைத் தள்ளி வை, மடியில வச்சுக் கொஞ்சாதே. ஒரு தடவை குறி தப்பிச்சுன்னா அந்த இடத்துல அந்தச் சத்தத்தை மறந்துரு, நரி மறக்காது.

சுடுறதுக்கு முன்ன வர்றது நரிதானான்னு நல்லாப் பார்த்துக்க. முயல் சத்தத்துக்குப் பண்ணைக்காரர் நாயும் வரும்.